செயற்கைச் சாயங்களும் பசுமைப் பிரித்தெடுப்பும்

உணவிலும் நீரிலும் கலந்த செயற்கைச் சாயங்களை, நச்சுக் கரைப்பான்களைக் குறைத்தோ அறவே தவிர்த்தோ பிரித்து அளக்கும் ஆய்வக முறைகள் பசுமைப் பிரித்தெடுப்பு எனப்படும். கருவி எவ்வளவு நுட்பமானதானாலும் மிளகாய்த் தூளின் எண்ணெய் அளவீட்டைக் கெடுக்கும். ஆற்று நீரிலோ சாயம் மிகச் சொற்பம். அதனால் சாயத்தை முதலில் பிரித்துச் செறிவாக்க வேண்டும்.

1856-இல் லண்டனில், 18 வயது வில்லியம் பெர்கின் அனிலினிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். சில பத்தாண்டுகளிலேயே நிலக்கரித் தார்ச் சாயங்கள் மிட்டாய்க் கடைக்கு வந்துவிட்டன. அவற்றைப் பிடிக்க அன்றைய வேதியியலர் நம்பியது கம்பளி நூலை. அமிலம் சேர்த்த கரைசலில் நூலைக் கொதிக்கவைத்தால் அமிலச் சாயம் ஏறிக்கொள்ளும். அம்மோனியாவில் இட்டால் இறங்கிவிடும். கரிமக் கரைப்பான் ஒரு சொட்டும் வேண்டாத இதுவே, அந்தப் பெயர் பிறக்குமுன் இருந்த பசுமை முறை. ஆனால் சாயத்தின் அளவை இதனால் துல்லியமாகச் சொல்ல முடியாது. கொழுப்பில் கரையும் சூடான் சாயங்களும் இதில் சிக்குவதில்லை.

அந்தச் சாயங்கள்தான் பின்னாளில் உலகையே உலுக்கின. 2003-இல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொருள்களில் சூடான் 1 இருப்பதை பிரான்ஸ் கண்டறிந்தது. 2005-இல் பிரிட்டனில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. சோதனைகள் பெருகப் பெருக, ஆய்வகங்களில் அசிட்டோநைட்ரைல், ஹெக்சேன் ஆகிய கரைப்பான்களின் கழிவும் பெருகியது. நஞ்சைத் தேடும் வேலையே நஞ்சை வெளியேற்றுவது சரியல்ல.

மாற்றுவழிகளுக்கான விதை முன்பே விழுந்திருந்தது. 1970-களில் ஜப்பானில், உலோகங்களைப் பிரிக்க முகில் புள்ளி முறை உருவானது. சோப்புப் போன்ற சேர்மம் கரைந்த நீரைச் சூடாக்கினால் அது கலங்கி இரண்டாகப் பிரியும். தேடும் பொருள் சிறிய அடுக்கில் ஒதுங்கும். பின்னர் இது சாயங்களுக்கும் கைகொடுத்தது.

2006-இல் ஈரானிய ஆய்வாளர்கள் அறிவித்த சிதறல் நுண்பிரித்தெடுப்பில், 5 மில்லி லிட்டர் நீருக்கு 8 மைக்ரோ லிட்டர் பிரித்தெடுக்கும் கரைப்பானே போதும். ஆனால் அது குளோரின் ஏறிய சேர்மம். குறைவாகப் பயன்படுத்துவதாலேயே ஒரு முறை பசுமையாகிவிடாது.

அந்தக் குறையைத் தீர்க்கும் வழி, 2003-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அபோட் குழு விவரித்த கலவையில் இருந்தது. கோலின் குளோரைடு 302 டிகிரியிலும் யூரியா 133 டிகிரியிலும் உருகும். ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்தால் 12 டிகிரி செல்சியசிலேயே திரவம். மெந்தால் சேர்ந்த, நீரோடு கலவாத வகைகள் பின்னர் வந்து, குளோரின் ஏறிய கரைப்பானுக்கு மாற்றாயின.

தமிழ்நாடு 2024 பிப்ரவரியில் ரோடமின் பி என்ற சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. இந்தச் சாயம் நீரில் எளிதில் கரைவதால், முகில் புள்ளி முறையில் இதைப் பிரிக்க ஹெக்சேன் தேவையில்லை.