பாலாமணி ஸ்பெஷல்

எங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் படிப்பில் மனம் செல்லாத பிள்ளையைப் பெரியவர்கள் "கூத்தாடி" என்று ஏசுவதுண்டு. நடிப்புக் கலைஞனைக் குறிக்கும் சொல் வசைச்சொல்லானது எவ்வாறு? விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஜயங்கொண்டம் வழியே தெற்கே சென்று, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தால் கும்பகோணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் அவ்வூரில் புகழோடு விளங்கியது பாலாமணி அம்மாளின் நாடகக் கம்பெனி. அவர் தேவதாசி மரபினர். கம்பெனியில் நடித்தோர் அனைவரும் பெண்கள். அரசனும் அமைச்சனுங்கூடப் பெண்களே! நாடகம் நடக்கும் நாட்களில் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் தனி ரயில்கள் ஓடின. மக்கள் அவற்றிற்கு வைத்த பெயர் "பாலாமணி ஸ்பெஷல்". ஆட்டம் முடிந்த பின்னிரவில் அதே வண்டிகளில் ஊர் திரும்புவார்கள்.

கூட்டத்தை இழுத்தது "தாராசசாங்கம்". குருவின் மனைவி தாரை, மாணவனாகிய சந்திரனுக்கு எண்ணெய் தேய்க்கும் காட்சியே அதற்குக் காரணம். அந்தக் காட்சியில் பாலாமணி அணிந்த உடையைப் பற்றி ஊரே பேசியது. இரவில் கண்டு களித்தவர்களே பகலில் பழித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ரயில் வண்டிகள் காலியாக ஓடவில்லையே!

அக்கம்பெனி "டம்பாச்சாரி விலாசம்" என்ற நாடகத்தையும் நடத்தியது. காசி விசுவநாத முதலியார் எழுதிய அது, தமிழின் முதற் சமூக நாடகங்களுள் ஒன்று. தாசியின் மயக்கில் சொத்தை இழந்து அழியும் செல்வனின் கதை. அதனைத் தாசி குலத்துப் பெண்களே நடித்துக் காட்டினர் என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

அந்நாளில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாருக்குத் தமிழ் நாடகமென்றாலே வெறுப்பு. அவரே அதனை எழுதியிருக்கிறார். 1891இல் பல்லாரி கிருஷ்ணமாசார்லு குழுவின் தெலுங்கு நாடகங்களைக் கண்ட பிறகுதான் மனம் மாறியது. படித்தவர்கள் நடிக்கலாம் என்று துணிந்து, அவ்வாண்டிலேயே நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகத்திற்கு மதிப்பு வந்தது. ஆனால் அச்சபையில் பெண் வேடங்களை ஆண்களே தாங்கினர். பின்னர்ப் பெருகிய பாலர் கம்பெனிகளிலும் சிறுவர்களே சீதையாகவும் வள்ளியாகவும் நின்றனர். மேடை தூய்மை பெற்றதாகச் சொல்லப்பட்ட காலத்தில், அதனைத் தாங்கிய பெண்களுக்கு அங்கே இடம் குறைந்தது.

சம்பந்த முதலியாருக்கு 1959இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அவர் அதற்கு முற்றும் தகுதியுடையவரே. தனி ரயில்கள் ஓடக் காரணமான பாலாமணியோ, ஈட்டிய பொருளெல்லாம் கரைந்து, மதுரையில் வறுமையில் மறைந்தார்.