மின்காருக்கு வீட்டு மின்னேற்றி

மின்காருக்கு மின்சாரம் ஏற்றுவதற்காக வீட்டுச் சுவரில் நிலையாகப் பொருத்தப்படும் கருவியே வீட்டு மின்னேற்றி. கார் ஷோரூம்களில் இதை 'வால்பாக்ஸ்' என்பார்கள். இந்தியாவில் வீடுகளுக்கு வருபவை பெரும்பாலும் 7.2 அல்லது 7.4 கிலோவாட் திறன் கொண்டவை. மும்முனை இணைப்பு உள்ள வீடுகளுக்கு 11, 22 கிலோவாட் கருவிகளும் கிடைக்கின்றன. இந்தச் சுவர்க் கருவி இல்லாமலும் வேலை நடக்கும். கையில் எடுத்துச் செல்லும் சார்ஜரை 15 ஆம்ப் பவர் பிளக்கில் செருகினால் கார் ஏற்றிக்கொள்ளும். ஆனால் மெதுவாக ஏற்றும். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதா, பணம் போட்டுச் சுவரில் கருவி மாட்டுவதா என்பது மின்கார் வாங்கும் வீடுகளில் எழும் முதல் கேள்விகளுள் ஒன்று. இக்கட்டுரை தமிழ்நாட்டு வீடுகளையும் இங்குள்ள மின்கட்டண முறையையும் வைத்து அதை அணுகுகிறது.

சார்ஜர் இருக்கும் இடம்

சுவரில் மாட்டுவதைச் சார்ஜர் என்று சொல்வதே ஒரு வகையில் பிழை. உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வரும் மாறுமின்சாரத்தை பேட்டரி ஏற்கும் நேர்மின்சாரமாக மாற்றுவது காரின் உள்மின்னேற்றிதான். சுவர்ப்பெட்டி ஒரு வாயிற்காவலன் மட்டுமே. காரில் செருகும் இணைப்பு முனையான 'கன்' சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று பார்க்கும்; எத்தனை ஆம்ப் வரை இழுக்கலாம் என்று காரிடம் சொல்லும்; பிறகு சுவிட்சைப் போடும். இப்படிச் சொல்வது, கன்னுக்குள் ஓடும் தனிக் கம்பி ஒன்றில் வினாடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் 12 வோல்ட் சைகை மூலம் நடக்கிறது. துடிப்பின் அகலம் 10 விழுக்காடு என்றால் 6 ஆம்ப். ஏறத்தாழ 53 விழுக்காடு என்றால் 32 ஆம்ப். கையடக்க சார்ஜரின் ஒயருக்கு நடுவே தொங்கும் செங்கல் போன்ற பெட்டியும் இதே வேலையைத்தான் சிறிய அளவில் செய்கிறது.

எனவே காரின் உள்மின்னேற்றி எவ்வளவு வாங்குமோ அதற்கு மேல் எந்தச் சுவர்ப்பெட்டியாலும் கொடுக்க முடியாது. 2020இல் வந்த முதல் டாடா நெக்ஸான் மின்கார் 30.2 யூனிட் கொள்ளும் பேட்டரியுடன் 3.3 கிலோவாட் உள்மின்னேற்றியைக் கொண்டிருந்தது. அதற்கு 7.2 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினாலும் 3.3தான் ஏறும். 2023இல் வந்த எம்ஜி கோமெட்டும் அப்படியே. அடுத்த ஆண்டுதான் அதன் சில வகைகளுக்கு 7.4 கிலோவாட் வசதி சேர்ந்தது. 2022இல் வந்த நெக்ஸான் மேக்ஸ், டியாகோ ஆகிய கார்களில் 7.2 கிலோவாட் வசதிக்கு டாடா நிறுவனம் 50,000 ரூபாய் கூடுதலாக விலை வைத்தது. ஹூண்டாய் கிரெட்டா மின்கார் 11 கிலோவாட் வரை வாங்கும். ஆனால் அதை முழுதாகப் பெற வீட்டில் மும்முனை மின்சாரம் வேண்டும். பெட்டியின் விலையைக் கேட்கும் முன் காரின் விவரப் புத்தகத்தில் இந்த ஓர் எண்ணைப் பார்த்துவிட வேண்டும். பலர் பார்ப்பதில்லை.

ஓர் இரவுக் கணக்கு

15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 3.3 யூனிட் ஏறும். இரவு ஒன்பதுக்குச் செருகிக் காலை ஏழுக்குக் கழற்றினால் பத்து மணி நேரம், 33 யூனிட். மின்சாரத்தை மாற்றும்போது வெப்பமாகப் போவதையும் சேர்த்து, சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்குச் சிறிய கார் ஒன்று 6.5 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், ஓர் இரவில் 200 கிலோமீட்டருக்கு மேல் தேறும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்வருபவர், கோவையில் பீளமேட்டிலிருந்து சரவணம்பட்டிக்குப் போய்வருபவர் யாரும் ஒரு நாளில் இதைத் தொடுவதில்லை. தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டு மணி நேரம் செருகினால் போதும்.

அப்படியானால் 7.2 கிலோவாட் யாருக்கு? பெரிய பேட்டரியைக் காலியாக்கிக்கொண்டு நள்ளிரவில் வந்து விடியற்காலை மீண்டும் கிளம்புபவர்களுக்கு; ஒரே வீட்டில் இரண்டு மின்கார் வைத்திருப்பவர்களுக்கு; வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு; பகலில் கூரைச் சூரிய மின்சாரம் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் ஏற்றிவிட விரும்புபவர்களுக்கு. இவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படும். மற்றவர்களுக்கு அது வசதி மட்டுமே. அந்த வசதியையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை: மழையில் நனைந்தபடி டிக்கியிலிருந்து ஒயரை எடுத்துத் தினமும் செருகிப் பார்த்தவர்களுக்கு, சுவரில் தயாராகத் தொங்கும் கன்னின் அருமை தெரியும்.

ஒயரும் எர்த்தும்

பெட்டி வாங்குவது விருப்பம். தனி லைன் இழுப்பது கட்டாயம். இந்த வேறுபாட்டை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பவர் பிளக் கீசருக்காகவோ கிரைண்டருக்காகவோ போடப்பட்டது. கீசர் பதினைந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் இடைவிடாமல் அதே 15 ஆம்பை இழுக்கும். திருகு தளர்ந்த சாக்கெட்டாக இருந்தால் முதலில் சூடாகும், பிறகு பிளாஸ்டிக் பழுக்கும், பிறகு உருகும். நீட்டிப்பு ஒயரைப் போட்டு மாடியிலிருந்து தெருவுக்கு இழுப்பவர்களும் உண்டு. அதைச் செய்யவே கூடாது. இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுப்பதும் அப்படித்தான்.

மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் வரை, வேறு எதுவும் இணையாத தனி ஒயர் வர வேண்டும். 15 ஆம்ப் பிளக்குக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போதும். 32 ஆம்ப் பெட்டிக்குக் குறைந்தது 6 வேண்டும். தூரம் அதிகமானால் 10 போடுவது நல்லது. அந்த லைனுக்கென்று, அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் ஓர் எம்சிபியும், மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்றும் வேண்டும். ஆர்சிசிபியிலும் வகை உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் 'ஏசி' வகை, காரிலிருந்து நேர்மின்சாரம் கசிந்தால் உணராது. 'ஏ' வகை வாங்கிக்கொண்டு, பெட்டிக்குள் 6 மில்லி ஆம்ப் நேர்மின்கசிவைக் கண்டறியும் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மின்கார் மின்னேற்றத்துக்கான இந்தியத் தரநிலை எண் ஐஎஸ் 17017. கருவியின் பெயர்ப்பலகையிலோ கையேட்டிலோ அது இருக்கும்.

எர்த் தனிக் கதை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி, கோடையில் மண் காய்ந்ததும் வேலை செய்வதை நிறுத்திவிடும். விளக்கும் மின்விசிறியும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. கார் காட்டிக்கொடுக்கும். எர்த் சரியில்லை என்றால் கையடக்க சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். கார் பழுது என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுபவர்கள், கடைசியில் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் சரியாகிவிட்டதைப் பார்த்திருக்கிறார்கள். நிரந்தரத் தீர்வு புதிய எர்த் குழி. பெட்டி மாட்டுவதற்கு முன் எர்த்தை அளக்காத எலக்ட்ரீஷியனை நம்ப வேண்டாம்.

பெட்டியை எந்த உயரத்தில் மாட்டுவது என்பதும் முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் தரைத்தள வாகன நிறுத்தங்கள் நீரில் மூழ்கின. வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற இடங்களில் இடுப்பு உயரம் போதாது.

லோடும் கட்டணமும்

7.2 கிலோவாட் என்பது நான்கைந்து ஏசி ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். ஒருமுனை இணைப்புள்ள பழைய வீட்டில் அது தாங்காது. ஈபி அலுவலகத்தில் லோடை உயர்த்தவோ மும்முனைக்கு மாறவோ விண்ணப்பிக்க வேண்டும். மும்முனை வீட்டிலும், 32 ஆம்ப் ஒருமுனைப் பெட்டி ஒரே பேஸில் உட்காரும். ஏசியும் அதே பேஸில் இருந்தால் கோடை இரவில் ட்ரிப் ஆகும். வீட்டு இணைப்புகளுக்கான நிலைக்கட்டணம் 2022இல் நீக்கப்பட்டுவிட்டதால், லோடை உயர்த்துவது பெரும்பாலும் ஒருமுறைச் செலவோடு முடிகிறது.

தொடர்ந்து வரும் செலவு யூனிட் கட்டணம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படியேறும். 2022 செப்டம்பரில் வந்த, இப்போது பழையதாகிவிட்ட கட்டணத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கார் இல்லாமல் 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு 1,125 ரூபாய். தினம் 40 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்தில் 2,400 கிலோமீட்டர், ஏறத்தாழ 370 யூனிட். மொத்தம் 770 யூனிட். கட்டணம் 4,280 ரூபாய். காருக்கான 370 யூனிட் 3,155 ரூபாய்க்கு வந்திருக்கிறது. அதாவது யூனிட் எட்டரை ரூபாய். 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விடுவதும் இதில் அடக்கம். ஒன்றாம் யூனிட்டின் விலையை வைத்துக் கணக்குப் போட்டு, கார் ஓட்டுவது கிட்டத்தட்ட இலவசம் என்று சொல்பவர்கள் இந்தப் படியைக் கவனிப்பதில்லை. அப்படியும் அந்தக் கட்டணத்தில் கிலோமீட்டருக்கு 1.31 ரூபாய்தான் ஆனது. பெட்ரோல் காரோடு ஒப்பிட அந்த எண்ணே போதும். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெட்டி மாட்டினாலும் பவர் பிளக்கில் ஏற்றினாலும் இந்தத் தொகையில் பெரிய மாற்றம் இல்லை. பெட்டியின் விலையை மின்கட்டண மிச்சத்தில் திரும்ப எடுக்க முடியாது.

வீட்டிலுள்ள இணைப்பிலேயே கார் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல் சொன்னது. மின்காருக்கென்று தனி இணைப்பு கேட்கும் உரிமையை 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் தருகின்றன. தனி இணைப்புக்குக் கட்டண வகை மாறலாம். ஈபி பிரிவு அலுவலகத்தில் விலையைக் கேட்டபின் விண்ணப்பிப்பதே சரி.

அடுக்ககங்கள்

தனிவீட்டில் எலக்ட்ரீஷியனோடு முடிகிற விஷயம், அடுக்ககத்தில் சங்கக் கூட்டத்துக்குப் போகிறது. பொது மின்சாரத்தில் ஏற்றினால் யார் பணம் கொடுப்பது, ஒருவர் மாட்டினால் நாளை இருபது பேர் கேட்பார்களே, தீப்பிடித்தால் என்ன செய்வது என்பவை வழக்கமான கேள்விகள். முதல் கேள்விக்கு எளிய விடை உண்டு: மீட்டர் அறையில் உள்ள அவரவர் மீட்டரிலிருந்தே அவரவர் நிறுத்தத்துக்கு லைன் இழுத்துக்கொள்ளலாம். அப்போது பில் தானாகவே அவருக்குப் போகும். இரண்டாம் கேள்வி நியாயமானது. கட்டடத்துக்கு வரும் மொத்த லோடுக்கு எல்லை உண்டு, எல்லோரும் 7.2 மாட்டினால் டிரான்ஸ்பார்மர் திணறும். 2019இல் திருத்தப்பட்ட மத்திய மாதிரிக் கட்டட விதிகள் வாகன நிறுத்தத்தில் 20 விழுக்காட்டுக்கு மின்னேற்ற ஏற்பாடு வேண்டும் என்கின்றன. ஆனால் பத்தாண்டுக்கு முன் கட்டிய அடுக்ககத்துக்கு அந்த விதி உதவாது. அங்கே ஒவ்வொருவருக்கும் 15 ஆம்ப் லைன் என்று தொடங்குவதே சண்டையில்லாத வழி. தனக்கென்று நிறுத்தமே இல்லாதவர்கள் பொது நிலையங்களை நம்ப வேண்டியிருக்கும். அங்கே வேக மின்னேற்றத்தில் யூனிட் 20 ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ போகும்.

வாடகை வீட்டில் இருப்பவர் சுவரில் பெட்டி மாட்டுவதைவிட, உரிமையாளர் சம்மதத்துடன் தனி லைனும் உலோக உறையிட்ட தொழிற்சாலை வகை சாக்கெட்டும் போட்டுக்கொள்வது மேல்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மின்கார் வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும், மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் வரை ஒரு குழாயைப் பூச்சுக்கு முன்பே பதித்துவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரை உடைக்க ஆகும் கூலியை நினைத்தால் குழாயின் விலை ஒன்றுமே இல்லை.