கையகல நூலும் பெயரறிவும்

இயற்கையைப் பாடுவோர்க்கு முதலில் வேண்டுவது பெயரறிவு. பெயர் அறியாதார் கண்ணுக்கு எல்லாம் வெறும் பறவை. எல்லாம் வெறும் பூ. அவ்வறிவை இளையோர் கையில் சேர்த்த சிறு நூல்களின் வரலாறு கவிஞர்களும் அறியத்தக்கது. இங்கிலாந்தில் நிகழ்ந்ததை ஈண்டுக் காண்போம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லில்ஃபோர்டு பிரபு, பிரிட்டானியப் பறவைகளை ஏழு தொகுதிகளில் வண்ண ஓவியங்களாக வெளியிட்டார். தார்பர்ன், கூலெமன்ஸ் முதலிய தேர்ந்த ஓவியர்கள் தீட்டியவை அவை. ஆயினும், செல்வர்தம் நூலகங்களுக்கே அவை உரியனவாயின.

1937இல், பியாட்ரிக்ஸ் பாட்டரின் கதைகளை வெளியிட்ட ஃபிரெடெரிக் வார்ன் பதிப்பகம், அவ்வோவியங்களைச் சுருக்கிக் கையகல நூலொன்றில் சேர்த்தது. 'அப்சர்வர்ஸ்' வரிசையின் முதல் நூல் அதுவே. தொகுத்தவர் வியர் பென்சன் என்னும் பெண்மணி. 236 பறவைகள், ஒவ்வொன்றுக்கும் குரல், வாழிடம், கூடு, முட்டை, இரை எனச் சில வரிகள். பிரபுவின் பேழையில் இருந்த பறவைகள் சிறுவனின் சட்டைப்பைக்குள் வந்து அமர்ந்தன. அவ்வாண்டே காட்டுப்பூக்களுக்கும் ஒரு நூல் வந்தது. மரம், பூச்சி, மீன் என வரிசை நீண்டு நூறு நூல்களை நெருங்கியது.

1948இல் சார்லஸ் வாரல் என்னும் தலைமையாசிரியர் வேறு வழி கண்டார். பதிப்பாளர்கள் மறுத்தமையால் அவர் தாமே அச்சிட்ட 'ஐ-ஸ்பை' சிறுநூல்களில், ஒரு பொருளை நேரிற் கண்ட குழந்தை அதனைக் குறித்து மதிப்பெண் பெறலாம். முன்னது பெயரைக் கற்பித்தது; பின்னது காண்பதையே விளையாட்டாக்கியது.

2007இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு சிறுவர் அகராதியில் மீன்கொத்திக்கும் ஓக் மரத்தின் கொட்டைக்கும் உரிய சொற்கள் இடம்பெறவில்லை. 'பிளாக்', 'பிராட்பேண்ட்' ஆகியன இடம்பெற்றன. குழந்தைகளின் வாழ்வு மாறிவிட்டது என்பது அகராதியார் கூறிய விளக்கம். குழந்தை அறிந்ததைத் தொகுப்பதா, அறியவேண்டியதை நீட்டுவதா? கையேடுகள் இரண்டாவதையே தம் கடமையெனக் கொண்டிருந்தன.

2015இல் எழுத்தாளர் பலர் ஒன்றுகூடி அந்நீக்கத்தை எதிர்த்தனர். 2017இல் ராபர்ட் மக்ஃபர்லேன், ஜாக்கி மாரிஸின் ஓவியங்களுடன், மறைந்துவரும் அச்சொற்களுக்கே பாடல்கள் இயற்றி நூலாக்கினார். அந்நூல் சட்டைப்பையில் அடங்காத பேரளவினது. அதனை மடியில் விரித்துவைத்து, உரக்கப் படித்தல் வேண்டும். கையேடு செய்துவந்த பணி இவ்வாறு கவிதையின் பொறுப்பாயிற்று.