ஆகாது என்று ஒதுக்கிய மாத்திரை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு இதயம் பலவீனம். 'பம்பிங் கம்மி' என்பார்களே, அதுதான். மாத்திரை டப்பாவில் பைசோப்ரோலால் மட்டும் தொடாமல் இருந்தது. கேட்டால், "இது துடிப்பைக் குறைக்கிற மாத்திரையாம்டா. ஏற்கெனவே வீக்கா இருக்கிற இதயத்துக்கு இது எதுக்குன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. பத்து நாளா போடல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பிறகு படித்துப் பார்த்தபோது தெரிந்தது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைத்தான் ஒரு காலத்தில் உலகத்து டாக்டர்களும் சொன்னார்கள்.

இந்த வகை மாத்திரைக்கு பீட்டா பிளாக்கர் என்று பெயர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் 1960-களில் ப்ரோப்ரனலால் என்ற மருந்தைக் கொண்டுவந்தார். இதயத்துக்கு ரத்தம் போதாமல் நெஞ்சு வலிக்கிறது என்றால், ரத்தத்தைக் கூட்டத்தான் எல்லோரும் வழி தேடினார்கள். அவரோ இதயத்தின் வேலையைக் குறைத்தால் என்ன என்று யோசித்தார். இதயத்தை விரட்டும் அட்ரினலின் போய் ஒட்டும் இடத்தை இந்த மருந்து அடைத்துவிடும். 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெஞ்சுவலிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்தார்கள். ஆனால் இதயம் தளர்ந்து, கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறுகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கவே கூடாது என்றார்கள். காரணம் இல்லாமல் இல்லை. தளர்ந்த இதயம் அட்ரினலின் விரட்டுவதால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் நிறுத்தினால் நின்றுவிடாதா என்ற பயம். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் நோய் முற்றவும் செய்யும்.

1975-ல் ஸ்வீடன் நாட்டு கோதன்பர்க் நகரில் வாக்ஸ்டைன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் இதைத் துணிந்து கொடுத்துப் பார்த்த விவரத்தை வெளியிட்டார்கள். மொத்தம் ஏழே நோயாளிகள். சில மாதங்களில் மூச்சுத்திணறல் குறைந்தது, இதயத்தின் வேலை மேம்பட்டது. அதிகம் பேர் நம்பவில்லை. ஏழு பேரை வைத்து விடை எழுதினால் நானும் முழு மார்க் போட்டிருக்க மாட்டேன்! அவர்கள் விடவில்லை. மருந்தை நிறுத்திப் பார்த்தபோது சிலருக்கு நிலைமை மோசமானது, மறுபடி கொடுத்ததும் தேறினார்கள். அக்காவுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இந்த இடத்தைத்தான்.

மற்றவர்கள் அந்த நேரத்தில் எதிர்த்திசையில் போனார்கள். இதயத்தை இன்னும் வலுவாக அடிக்க வைக்கும் மருந்துகளைத் தேடினார்கள். மில்ரினோன் மாத்திரையை 1,088 பேரிடம் சோதித்து 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களிடம் மரணம் 28 சதவீதம் அதிகம். களைத்துப்போன வண்டிமாட்டைத் தார்க்குச்சியால் குத்தினால் நாலு எட்டு வேகமாக வைக்கும், பிறகு படுத்துவிடும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் 1999-ல், ஐரோப்பாவில் 2,647 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. மருந்து, அக்கா டப்பாவில் கிடந்த அதே பைசோப்ரோலால். சுமார் ஒன்றேகால் வருடத்தில் வெற்று மாத்திரைக்காரர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் பன்னிரண்டு பேர். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் மெட்டோப்ரோலால் ஆய்விலும் இதே மாதிரி பலன். அந்த ஏழு பேருக்கும் இதற்கும் நடுவில் 24 வருடம் ஓடிவிட்டது. அதற்குள் இந்த மருந்து கிடைக்காமலே போனவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

அளவில்தான் சூட்சுமம். 1.25 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உடம்பு தாங்கினால் 10 வரை போவார்கள். ஆரம்பத்தில் சோர்வாக இருக்கலாம். அந்தச் சோர்வைப் பார்த்துத்தான் பலரும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

அக்காவை மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். இடைவெளி விழுந்துவிட்டதால் பழைய அளவைத் தராமல், 1.25-லிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார். நேற்று போனில் பேசியபோது, இதை எழுதி பக்கத்து வீட்டுக்கும் ஒரு காப்பி அனுப்பச் சொன்னார் அக்கா.