ஆஹா பூனானா லேயோ: ஹவாய் மொழி மீண்டும் பிள்ளைகளிடம் சேர்ந்த வரலாறு

ஹவாய் மொழிக்கு 1978இல் மாநில அரசமைப்பு ஆட்சிமொழித் தகுதி கொடுத்தது. அந்த மொழியில் பாடம் நடத்த மட்டும் சட்டம் இடம் தரவில்லை. அரசி லிலியுஓகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் 1896இல் போட்ட சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியிருந்தது. பள்ளியில் தாய்மொழி பேசி அடிவாங்கிய தலைமுறை, தான் பெற்ற பிள்ளைகளிடம் அதைப் பேசாமலே இருந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் வெளிவந்த மொழி அது! 1980களின் தொடக்கத்தில் 18 வயதுக்குட்பட்டோரில் அதைப் பேசியவர்கள் 50 பேர்கூட இல்லை என்று கணக்கிட்டார்கள்.

அந்த வேளையில், 1983இல், லாரி கிமுரா, பிலா வில்சன், கவானோய் கமானா முதலிய ஆசிரியர்கள் கூடி ‘ஆஹா பூனானா லேயோ’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கிமுரா 1972 முதலே வானொலியில் முதியவர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்து வந்தவர். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கியிருந்த ‘கோஹங்கா ரெயோ’ மழலையர் பள்ளிகளே இவர்களுக்கு முன்மாதிரி.

முதல் பள்ளி 1984இல் கவாய் தீவின் கெகஹாவில் அமைந்தது. நல்ல தேர்வு. மொழி வீட்டுப் பேச்சாகவே நிலைத்திருந்த நீஹாவ் தீவுக்காரர்கள் அங்கே குடியிருந்தார்கள். அவர்களிடம் மொழி இருந்தது. ஆசிரியர் சான்றிதழ் இல்லை. அதையே காரணம் காட்டி விதிகள் குறுக்கே நின்றன. பெற்றோரும் ஆசிரியர்களும் மூன்றாண்டுகள் சட்டமன்றத்துக்கு நடையாய் நடந்தார்கள். 1986இல் தடை நீங்கியது. மறு ஆண்டே அரசுப் பள்ளிகளில் ஹவாய் வழி வகுப்புகள் வந்தன.

இந்த அமைப்பின் மழலையர் பள்ளிகளில் காலையில் பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று, உள்ளே வர அனுமதி கேட்டு ராகமிட்டு ஓதுகிறார்கள். ஆசிரியர் உள்ளிருந்து ஓதி அழைத்த பிறகே நுழைகிறார்கள். அதன்பின் வீடு திரும்பும்வரை ஹவாய் மொழி மட்டும்தான். பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோருக்கும் கடமை உண்டு: வாரந்தோறும் மொழி வகுப்பு, மாதம் 8 மணி நேரம் பள்ளிக்கு உழைப்பு. இந்த அமைப்பின் சாதனைகளில் நான் முதலில் வைப்பது இந்த நிபந்தனையைத்தான். பள்ளியில் கற்ற பேச்சுக்கு வீட்டில் பதில் கிடைக்கச் செய்தது அதுதான்.

பிறகு பள்ளி மேல்வகுப்புகளுக்கும் வளர்ந்தது. கேயாவில் நாவஹி பள்ளி உருவானது. 1999இல், நூறாண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, ஹவாய் வழியிலேயே உயர்நிலைக் கல்வி முடித்த மாணவர்கள் வெளிவந்தார்கள். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் சிலர் இன்று பெற்றோராகி, தம் குழந்தைகளிடம் பிறந்த நாள் முதலே ஹவாய் மொழியில் பேசுகிறார்கள்.