அம்பிகாபதி அமராவதி கதை

அம்பிகாபதி அமராவதி கதை என்பது, கம்பரின் மகனாகக் கூறப்படும் அம்பிகாபதிக்கும் சோழ இளவரசி அமராவதிக்கும் இடையிலான காதலைக் கூறும் தமிழ்ச் செவிவழிக் கதையாகும். தனிப்பாடல்களுடன் சேர்ந்து வழங்கிவந்த இக்கதை, 20ஆம் நூற்றாண்டில் திரைப்படங்கள் வழியாகப் பரவலாக அறியப்பட்டது.

கதைச் சுருக்கம்

சோழன் அளித்த விருந்தில் உணவு பரிமாற வந்த அமராவதியைக் கண்டு அம்பிகாபதி தன்னை மறந்து பாடத் தொடங்குகிறான். மன்னனின் சினத்தை உணர்ந்த கம்பர், தெருவில் கொட்டிக்கிழங்கு விற்கும் பெண்ணைப் பற்றியதாக அப்பாடலை முடித்து மகனைக் காக்கிறார். பின்னர் காதல் வெளிப்படவே, சிற்றின்பம் கலவாத நூறு பாடல்களைப் பாடினால் அமராவதியை மணக்கலாம், தவறினால் மரண தண்டனை என மன்னன் நிபந்தனை விதிக்கிறான். மறைவிலிருந்து எண்ணிவந்த அமராவதி, காப்புச் செய்யுளையும் கணக்கில் சேர்த்து, நூறும் முடிந்ததெனக் கருதி வெளிப்படுகிறாள். அவளைக் கண்ட அம்பிகாபதி அவளது அழகைப் பாடிவிடுகிறான். 99 பாடல்களே நிறைவுற்றிருந்தமையால் அவன் கொல்லப்படுகிறான். அமராவதியும் உயிர் துறக்கிறாள்.

வரலாற்று நோக்கு

இக்கதை கம்பரின் வாழ்க்கை வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று. கம்பரின் காலமே 9ஆம் நூற்றாண்டு எனவும் 12ஆம் நூற்றாண்டு எனவும் இருவேறாகக் கணிக்கப்படுகிறது. எனவே கதையில் வரும் சோழன் இன்னார் என உறுதியாகக் கூற இயலாது.

அம்பிகாபதி கோவை என்னும் நூல் அம்பிகாபதி இயற்றியதாக வழங்குகிறது. கோவை என்பது அகப்பொருள் துறைகளைப் பெரும்பாலும் 400 கட்டளைக் கலித்துறைகளில் நிரலாகப் பாடும் சிற்றிலக்கியம். ஒரேயொரு காதற் பாடலால் உயிரிழந்ததாகக் கதை கூறும் புலவரின் பெயரிலேயே முழுவதும் காதலைப் பாடும் நூல் ஒன்று வழங்குவது குறிப்பிடத்தக்கது. எனினும், அகப்பாடல்களில் காதலர்களின் பெயரைச் சுட்டுவது மரபன்று. ஆகவே இந்நூலைக் கதைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

திரைப்படங்களில்

1937 இல் வெளியான அம்பிகாபதி திரைப்படத்தை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். எம். கே. தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் நடித்தனர். இளங்கோவன் எழுதிய வசனங்கள், தமிழ்த் திரைப்படங்களில் இலக்கிய நடை கொண்ட உரையாடலுக்கு வழிவகுத்தன. காதல் காட்சிகளில் சேக்சுபியரின் ரோமியோ சூலியட் நாடகத்தின் தாக்கம் இருந்தது.

1957 இல் ப. நீலகண்டன் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் பி. பானுமதியும் நடித்த அம்பிகாபதி வெளிவந்தது. இதற்கு ஜி. ராமநாதன் இசையமைத்தார்.

பெயரின் பிற்காலப் பயன்பாடு

ஆனந்த் எல். ராய் இயக்கத்தில் தனுஷ் நடித்த ராஞ்சனா என்னும் இந்தித் திரைப்படம் 2013 இல் அம்பிகாபதி என்ற பெயரில் தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டது. வாரணாசியில் நிகழும் இப்படத்தின் கதை வேறானாலும், நாயகன் இறுதியில் இறப்பதால் அப்பெயர் பொருந்திற்று. 2025 ஆகத்தில் இத்தமிழ் வடிவம், செயற்கை நுண்ணறிவின் துணையுடன் நாயகன் உயிர் பிழைப்பதாக முடிவு மாற்றப்பட்டு மீண்டும் வெளியிடப்பட்டது. இயக்குநரும் தனுஷும் இதற்கு வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். நூறாவது பாடல் நிறைவுறாமையே அம்பிகாபதி கதையின் மையமாகும். அப்பெயர் தாங்கிய படத்திலேயே துயர முடிவு மாற்றப்பட்டது.