வாட்ச்மேனும் கம்ப்ளெயின்ட் நோட்டும்

எங்க புனே சொசைட்டியில வாட்ச்மேன் ராத்திரி ரவுண்டு போவார். எந்த மாடியில பைப் ஒழுகுது, எந்தக் கேட் பூட்டலைன்னு அவருக்கு அத்துப்படி. ஆனா பிளம்பர் பார்க்கிறது கம்ப்ளெயின்ட் நோட்டை மட்டும்தான். நோட்டுல ஏறலைன்னா பைப் ஒழுகிக்கிட்டேதான் இருக்கும். சாஃப்ட்வேர்லயும் ரொம்ப வருஷம் இதே கதைதான். "அப்படி என்னதான் ஆணி பிடுங்குறீங்க"ன்னு வீட்டுல கேக்கறவங்களுக்கும் சேர்த்தே இந்தப் பதிவு.

முதல்ல வாட்ச்மேன். டான் ஃபார்மரும் வீட்சே வெனமாவும் 1995 ஏப்ரலில் ஒரு ஸ்கேனரை இலவசமா வெளியிட்டாங்க. நெட்வொர்க்ல எங்கெங்க ஓட்டை இருக்குன்னு தேடிச் சொல்லும். பேரு 'சாட்டன்', அதாவது சாத்தான்! பேர் பிடிக்காதவங்களுக்காக எழுத்தை மாத்திப் போட்டு 'சான்ட்டா' ஆக்கற ஒரு குட்டி புரோகிராமும் கூடவே வந்துச்சு. (குசும்பு பிடிச்ச ஆளுங்க!) 1998-ல பிரான்ஸ்காரர் ரெனோ டெரைசோன் 'நெசஸ்' கொண்டு வந்தார்.

அதே 1998-லதான் நெட்ஸ்கேப் ஆளுங்க கைவண்ணத்துல 'பக்ஸில்லா' பொதுவுக்கு வந்துச்சு. அதுதான் கம்ப்ளெயின்ட் நோட்டு. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு நம்பர், பக்கத்துல சரிபண்ண வேண்டியவர் பேர்.

ரெண்டும் ஒரே வருஷத்துப் பிள்ளைங்க, ஆனா பேச்சுவார்த்தை இல்லை. ஸ்கேனர் நூறு பக்க ரிப்போர்ட் துப்பும், செக்யூரிட்டி டீம் அதை மெயில்ல தள்ளிவிடும், அதோட சரி. போதாக்குறைக்கு ஒரே ஓட்டையை ஒவ்வொரு ஸ்கேனரும் ஒவ்வொரு பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு. 1999-ல மைட்டர் நிறுவனம் 'சி.வி.இ.'ன்னு பொது எண் கொடுக்க ஆரம்பிச்சது. முதல் பட்டியல்ல 321 ஓட்டைங்க. என் கணக்குல, இந்தக் கதையில பெரிய திருப்பம் இதுதான். எண் இல்லாம எந்த இணைப்பும் நடந்திருக்காது.

மெயிலை நம்பினா என்ன ஆகும்னு 2017-ல ஈக்விஃபாக்ஸ் கதை காட்டிச்சு. அமெரிக்காவுல யாருக்குக் கடன் கொடுக்கலாம்னு கணக்கு வச்சிருக்கற கம்பெனி. மார்ச் 7 அன்னிக்கு அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஓட்டையும் மருந்தும் வெளியாச்சு. ரெண்டே நாள்ல உள்ளுக்குள்ள 400 பேருக்கு மேல மெயில் போச்சு, 48 மணி நேரத்துல சரிபண்ணுங்கன்னு. நானூறு பேருக்குப் போன மெயில், யாருக்கும் போகாத மெயில்தானே? மார்ச் 15-ல ஸ்கேனும் ஓட்டினாங்க, அதுவும் ஒண்ணும் கண்டுபிடிக்கலை. மே மாசம் புகுந்த திருடங்க ஜூலை கடைசி வரைக்கும் உள்ளேயே இருந்தாங்க. சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரோட விவரம் போச்சு. ஸ்கேனரை நோட்டோட இணைச்சிருந்தா மட்டும் தப்பிச்சிருப்பாங்களா? வாட்ச்மேனே பார்க்காததை நோட்டுல யார் எழுதறது?

அதே வருஷம் நவம்பர்ல கிட்ஹப், கோடு இருக்கற இடத்துலயே ஓட்டை எச்சரிக்கை காட்ட ஆரம்பிச்சது. 2019-ல 'டிபெண்டபாட்'டை வாங்கினதும் எச்சரிக்கையோட, திருத்தத்தையே எழுதி நீட்ட ஆரம்பிச்சது. பிளம்பரையே அனுப்பற வாட்ச்மேன்!

இணைக்கறது ஒரு நாள் வேலை, சரியா இணைக்கறதுதான் கஷ்டம். நான் பார்த்த ஒரு டீம்ல தினமும் ராத்திரி ஸ்கேன் ஓடும், நேத்து போட்ட டிக்கெட்டையே திரும்பப் போடும். ஒரே வாரத்துல எல்லாரும் அந்த மெயிலுக்கு ஃபில்டர் போட்டுட்டாங்க. கோடுல மேல ஒரு வரி சேர்த்தா கீழ இருக்கற வரி எண் எல்லாம் மாறிடும், ஸ்கேனர் அதைப் புது ஓட்டைன்னு நினைச்சுக்கும். அதனால வரி எண்ணை விட்டுட்டு ஓட்டைக்கே ஒரு கைரேகை வேணும். 2020-ல வந்த 'சாரிஃப்' தரம் அதுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கிச்சு.

இன்னொரு சங்கடம், நோட்டை யாரெல்லாம் படிக்கலாங்கறது. பக்ஸில்லாவைப் பெத்த மொசில்லாவுக்கே அது நடந்துச்சு. பக்ஸில்லாவுல ரகசியப் பிழைகளைப் பார்க்க அனுமதி இருந்த ஒருத்தர், அதே பாஸ்வேர்டை வேற தளத்துலயும் வச்சிருந்தார். அங்கிருந்து அது திருடு போச்சு. நுழைஞ்ச ஆள் 185 ரகசியப் பிழைகளைப் படிச்சுட்டுப் போனான், அதுல 53 ரொம்ப ஆபத்தானவை. ஒண்ணை வச்சு ஃபயர்ஃபாக்ஸ் பயனாளிகளைத் தாக்கவும் செஞ்சாங்க. ஆகஸ்ட் 2015-ல அந்த ஓட்டையை அடைச்ச மொசில்லா, செப்டம்பர்ல விஷயத்தை வெளியில சொல்லிட்டு, ரகசியப் பக்கம் பார்க்கற எல்லாரையும் பாஸ்வேர்டு மாத்த வச்சது.